மந்திரப் போருக்கு விதி வகுத்தல்

பாத்திரம் ஏற்று ஆடும் மேசை ஆட்டம் இன்னதென்று அறியாத அன்பர்கள் நம் சங்கத்தில் சிலரேனும் இருப்பர். அவர்பொருட்டு முதலில் சில சொற்கள். மேசையைச் சுற்றி நால்வர் அல்லது ஐவர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராக நின்று, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் விளக்கை அணைக்கிறேன்’ என்று தம் செயலைச் சொல்வர். அச்செயல் பலிக்குமா என்பது ஐயமாயின் பகடை உருளும். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய் எனலாம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதனை இயற்றினர்.

அச்சிட்ட விதிநூல் போதாதென்று ஆடுவோர் தாமே வகுத்துக்கொள்ளும் விதிகளை ‘ஹோம்ப்ரூ’ என்பர். வீட்டிலே வடித்தது என்பது பொருள். மருத்துவரை நாடாமல் அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதைக் கைமருந்து என்கிறோம் அல்லவா? அதுபோல இதனைக் ‘கைவிதி’ என்றே இக்கட்டுரையில் குறிப்பேன். மந்திரவாதிகள் இருவர் நேருக்கு நேர் நின்று பொரும் போருக்குக் கைவிதி ஒன்று வகுப்பது எவ்வாறு என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

மந்திரப் போர் கதை கேட்போர் யாவர்க்கும் இனிய காட்சி. டி. எச். ஒயிட் 1938இல் எழுதிய ‘தி ஸ்வோர்ட் இன் த ஸ்டோன்’ என்னும் நூலில் மெர்லினும் மேடம் மிம் என்னும் சூனியக்காரியும் மாறி மாறி வேற்றுருக் கொண்டு பொருவர். டிஸ்னி நிறுவனத்தார் 1963இல் அதனைக் கேலிச்சித்திரப் படமாகவும் எடுத்தனர். ஒருவர் எடுத்த உருவை வெல்லும் உரு எதுவோ, அதனை மற்றவர் உடனே எடுத்தாக வேண்டும் என்பதே அப்போரின் சுவை. அங்கே பருத்த உடம்பு வெல்வதில்லை. பொருத்தமான மறுமொழியே வெல்கிறது. ஆனால், இதே காட்சியை மேசைக்குக் கொண்டுவந்தவுடன் சப்பென்று போய்விடுகிறது. காரணம் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி ஐந்தாம் நிலை மந்திரவாதிகள் இருவரை எதிரெதிரே நிறுத்துவோம். ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி 27 என்க. முதலில் இயங்குபவர் யார் என்பதை இருபது முகப் பகடை சொல்லிவிடும். முந்திக்கொண்டவர் தீக்கோளம் எறிகிறார். அதனால் விளையும் சேதம் ஆறு முகப் பகடை எட்டினை உருட்டி வரும் கூட்டுத்தொகை, சராசரி 28. எதிரி தப்பும் வீச்சில் வென்றால் சேதம் பாதி, தோற்றால் முழுமை. எறிபவர் கூரிய அறிவுடையவராயின் தப்புவதற்கு 15 வேண்டும். எதிரி தம் சுறுசுறுப்புக்காக 2 கூட்டிக்கொள்வார் என்று வைத்தாலும், பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். வாய்ப்பு நூற்றுக்கு 40தான். எஞ்சிய 60இல் பாதிக்கு மேற்பட்ட தடவை எதிரி முதல் மந்திரத்திலேயே மண்ணில் சாய்வார். போர் அவ்வளவுதான்!

‘எதிர்மந்திரம் உண்டே’ என்று விதிநூல் கற்றவர் வாதிடலாம். உண்டு. அது மூன்றாம் படி மந்திரம். பிறர் முறையின்போது எதிர்வினையாகச் சொல்லத்தக்கது. மூன்றாம் படியிலோ அதற்குக் கீழோ உள்ள எந்த மந்திரத்தையும் பகடை இன்றியே அழித்துவிடும். தீக்கோளமும் மூன்றாம் படிதான்; ஆகவே எதிரி அதனை அழிக்கலாம். ஆயின், முதலில் எறிந்தவரிடமும் எதிர்வினை ஒன்று எஞ்சியிருக்கிறதே! அவர் அந்த எதிர்மந்திரத்தையே எதிர்மந்திரத்தால் அழிப்பார். ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு ஓர் எதிர்வினையே உரியது, எதிரியினது தீர்ந்துவிட்டது. தீக்கோளம் வந்து விழுகிறது. ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு மூன்றாம் படி வாய்ப்பு இரண்டே. இரண்டையும் கொட்டி முந்தியவர் வெல்கிறார்.

2024இல் வந்த திருத்தப் பதிப்பில் இந்நிலை தலைகீழாயிற்று. ஒரு முறையில் ஒருவர் ஒரு மந்திர வாய்ப்பைத்தான் செலவிடலாம் என்று அதில் விதித்துவிட்டனர். எனவே, தம் முறையில் தீக்கோளம் எறிந்தவர் அம்முறையிலேயே எதிர்மந்திரமும் சொல்ல இயலாது. எதிர்மந்திரத்தால் தடுக்கப்பட்டவர் உடல்வலிமை கொண்டு தப்பும் வீச்சு வீசிப் பார்க்கலாம். அதிலும் தோற்றால் அவர் மந்திரம் கெடும். வாய்ப்பு மட்டும் கெடாது. முன்னே மேல்கை எறிபவருக்கு இருந்தது. இப்போது மறிப்பவருக்குச் சாய்ந்திருக்கிறது. எப்பக்கம் சாய்ந்தாலும் என் குறை ஒன்றே. இரண்டிலும் செய்யத்தக்க செயல் ஒன்றுதான் உள்ளது. அதனைச் செய்யாதவர் விதி அறியாதவர். செய்தவர் பகடைக்குக் காத்திருப்பவர். தேர்ந்தெடுத்தவர் எவரும் இல்லை.

இதனைச் சிறிய குறை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. எங்கள் விடுதி மேசையில் ஒடிசா நண்பர் ஒருவர் எட்டு மாதம் ஒரே மந்திரவாதியாக ஆடிவந்தார். அம்மந்திரவாதிக்கு ஓர் ஊர், ஒரு தமக்கை, தீராத கடன், யாரிடமும் சொல்லாத ஓர் அச்சம் எல்லாம் இருந்தன. எட்டு மாதம் தேடிய பகைவனை ஓர் இரவு எதிரே கண்டார். அந்தப் போர் மூன்று பகடை வீச்சில் முடிந்தது. இறந்தவர் நண்பரின் மந்திரவாதி. தோற்றதற்காக அவர் வருந்தவில்லை. ‘நான் அங்கே என்ன செய்தேன்?’ என்றுதான் கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை தருவதே கைவிதியின் வேலை என்பது என் கருத்து.

பழைய விதிகள் இதற்கு என்ன வழி கண்டன என்று பார்ப்போம். டஞ்சன்ஸுக்கும் முன்னதாக, 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் பொம்மைப் படை ஆட்டத்தில் எதிர்மந்திரத்துக்கு ஆறு முகப் பகடை இரண்டு உருட்டுவர். (ஆறுமுகம் என்றவுடன் முருகனை நினைக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க.) வலிய மந்திரவாதிக்கு 7 அல்லது மேற்பட்டது விழுந்தால் போதும், எளியவருக்கு அவர் எவ்வளவு எளியவர் என்பதற்கேற்ப 8 முதல் 11 வரை வேண்டும். இவற்றின் நிகழ்தகவைக் கணித்தால் முறையே நூற்றுக்கு 58, 42, 28, 17, 8 ஆகும். எளியவருக்கும் வாசல் சிறிது திறந்திருக்கிறது. ஆனால் படிப்படியாக ஒடுங்குகிறது. எண்களின் இந்த வடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். எதிர்மந்திரம் சொல்பவர் வேறு எதுவும் செய்ய இயலாது என்ற விதியும் நன்று.

2000இல் வந்த மூன்றாம் பதிப்போ மறுகோடிக்குப் போயிற்று. எதிர்மந்திரம் சொல்ல விரும்புவோர் தம் முறையை விட்டுக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எதிரி சொல்வது எந்த மந்திரம் என்று பகடையால் கண்டறிய வேண்டும். அதே மந்திரம் தம்மிடமும் இருக்கவேண்டும். இத்தனை நிபந்தனைகளைக் கடந்து வருவதற்குள் எதிரியை ஒரு கல்லால் அடித்திருக்கலாம்.

மேசை ஆட்டத்துக்கு வெளியே, இரு மந்திரவாதியர் போரை மட்டுமே பொருளாகக் கொண்ட ஓர் ஆட்டம் உண்டு. இங்கிலாந்தின் ரிச்சர்டு பார்ட்டில் 1977இல் தம் சிற்றிதழில் வெளியிட்ட ‘ஸ்பெல்பைண்டர்’ அது. பிற்காலத்தில் ‘வேவிங் ஹேண்ட்ஸ்’ என்ற பெயர் பெற்றது. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா 1978இல் தொடங்கிய ‘மட்’ என்னும் கணிப்பொறி ஆட்டத்தை அவரோடு சேர்ந்து வளர்த்த அதே பார்ட்டில்தான். தாளும் பென்சிலும் இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் இருவரும் தம் இரு கைகளும் காட்டும் முத்திரைகளை மறைவாக எழுதி, ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். விரலை நெளித்தல், உள்ளங்கை நீட்டல், சொடுக்குதல், கை அசைத்தல், விரல் சுட்டல், கைதட்டல் என முத்திரை ஆறு. முத்திரைகளின் வரிசையே மந்திரம். சொடுக்கிச் சுட்டினால் சிறு அம்பு. தீக்கோளத்துக்கு ஐந்து முத்திரை. எதிரியை ஒரேயடியாகக் கொல்லும் மந்திரத்துக்கு எட்டு. எதிரி இதுவரை காட்டிய முத்திரைகள் நம் கண்முன் கிடக்கின்றன. அவை எங்கே போய் முடியும் என்பது மட்டும் தெரியாது. ஒரே தொடக்கத்திலிருந்து பல மந்திரங்கள் கிளைக்கும், பாதி வழியில் மனம் மாறலாம், மாறியதாக நடிக்கலாம். மறைவும் வெளிப்படையும் இவ்வளவு அழகாகக் கலந்த வேறோர் ஆட்டத்தை நான் கண்டதில்லை.

ஆயினும், இதனை அப்படியே நம் மேசைக்குக் கொண்டுவர இயலாது. இருவர் ஆடுகையில் மற்ற மூவர் கொட்டாவி விடுவர். ஒரு போர் அரை மணியை எளிதில் விழுங்கும். முத்திரை வரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்யாதவர் தோற்பது உறுதி. ஆகவே, அதன் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை விட்டுவிட வேண்டும். உயிர் யாதெனின், இருவரும் மறைவாகத் தேர்ந்து ஒரே நேரத்தில் வெளியிடல். முந்தியவர் பிந்தியவர் என்ற பேச்சே அங்கு எழாது.

இனி, எங்கள் கைவிதிக்கு வருவோம். மந்திரவாதி ஒவ்வொரு சுற்றிலும் மூன்று செயல்களுள் ஒன்றை மறைவாகத் தேர்வார்: தாக்கு, மறி, திரட்டு. தாக்கு என்பது உடனே எறியும் மந்திரம். மறி என்பது காப்பு. திரட்டு என்பது ஒரு பெருமந்திரத்துக்கு ஆற்றல் சேர்த்தல். திரட்டிக்கொண்டிருப்பவரைத் தாக்கு வெல்லும். தாக்கை மறி வெல்லும். வீணே காப்பைப் பிடித்து நிற்பவரைத் திரட்டு வெல்லும், ஏனெனில் பெருமந்திரம் தடையின்றி முற்றிவிடுகிறது. கல், தாள், கத்தரிக்கோல் என்று சிறுவர் கைநீட்டி ஆடும் ஆட்டத்தின் வட்டமேதான் இது.

அவ்வளவுதானா என்று நகைக்க வேண்டா. வட்டம் ஒன்றே, ஆனால் ஒவ்வொரு வெற்றிக்கும் எத்தனை புள்ளி என்பதை மாற்றினால் ஆட்டமே மாறிவிடும். அதுவும் நாம் எதிர்பாராத வழியில் மாறும். இதுதான் இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி. ஆதலால் சற்று நின்று பார்ப்போம்.

மூன்று வெற்றிக்கும் ஒவ்வொரு புள்ளி என்றால், மூன்று செயலையும் சமமாகக் கலந்து ஆடுவதே தக்கது என்பது வெளிப்படை. இப்போது, ‘போரில் விறுவிறுப்புப் போதவில்லை, தாக்குவோர் குறைவு’ என்று ஒருவர் குறை கூறுகிறார் என்று கொள்வோம். கதை நடத்துநர் என்ன செய்வார்? தாக்கின் பயனை இரட்டிப்பார்: திரட்டுபவரைத் தாக்கினால் இனி 2 புள்ளி. யாவர்க்கும் முதலில் தோன்றும் வழி இதுவே. விளைவு என்ன? எதிரி நான்கில் ஒரு பங்கு தாக்கி, நான்கில் ஒரு பங்கு திரட்டி, பாதிச் சுற்றுகளில் மறிக்கிறார் என்க. நாம் தாக்கினால் நமக்கு வருவது 2 × ¼ − 1 × ½ = 0. திரட்டினால் −2 × ¼ + 1 × ½ = 0. மறித்தால் ¼ − ¼ = 0. எதைச் செய்தும் நமக்கு ஆதாயம் இல்லை. அப்படியானால் எதிரியின் அக்கலவையே அசைக்க முடியாத கலவை. அதாவது, தாக்கின் பயனைக் கூட்டியதால் தாக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. மறித்தல் பாதியாக உயர்ந்தது! இருவரும் காப்பைப் பிடித்து ஒருவரையொருவர் முறைத்து நிற்கும் சுற்று மட்டும் நான்கில் ஒன்று.

காரணம் எளிது. தாக்கு கொடிதாயின் திரட்டுவதற்கு அஞ்சுவர். திரட்டுவோர் இல்லையேல் தாக்குக்கு இரை இல்லை. மறிப்போருக்கோ பகையும் இல்லை. அப்படியானால் தாக்குவோர் பெருக என்ன செய்வது? தாக்கைத் தொடவே கூடாது. மறிப்பவரைத் திரட்டு வெல்லும்போது 2 புள்ளி தரவேண்டும். இப்போது அசையாத கலவை தாக்கு பாதி, திரட்டும் மறியும் கால் கால். எதிரி அவ்வாறு ஆடினால் நம் தாக்குக்கு ¼ − ¼, திரட்டுக்கு −½ + 2 × ¼, மறிக்கு ½ − 2 × ¼, மூன்றும் சுழியே. இருவரும் மறித்து நிற்கும் வெற்றுச் சுற்றோ பதினாறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். பொது விதி இது: ஒரு செயல் எவ்வளவு அடிக்கடி நிகழும் என்பதை நிறுத்துவது அச்செயலின் பயன் அன்று, அது பங்கு கொள்ளாத மற்ற இரண்டிற்கும் இடையிலுள்ள பந்தயமே.

இத்தகைய ஆட்டங்களில் அசையாத கலவை எப்போதும் உண்டு என்று ஜான் வான் நியூமன் 1928இல் நிறுவினார். அவர் எழுதிய ஜெர்மன் கட்டுரையின் தலைப்பே பலர் கூடி ஆடும் விளையாட்டுகளைப் பற்றியது. ஆகவே, ஆய்வு மாணவன் பகடையும் கையுமாகத் திரிகிறான் என்று முகம் சுளிக்கும் பெரியோர்க்கு நாம் காட்டத்தக்க சான்று ஒன்று இருக்கிறது.

விதியின் எஞ்சிய பகுதிகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் ஏழு கட்டம் வரிசையாக வரைந்து, நடுக்கட்டத்தில் ஒரு நாணயம் வைக்க வேண்டும். திரட்டைத் தாக்கு வென்றாலும், தாக்கை மறி வென்றாலும் நாணயம் தோற்றவர் பக்கம் ஒரு கட்டம் நகரும். மறியைத் திரட்டு வென்றால் இரண்டு கட்டம். தம் பக்கத்துக் கடைசிக் கட்டத்துக்கு நாணயம் வந்து சேர்ந்தவர் தோற்றவர். செயலைக் கையால் காட்ட வேண்டும்: மூடிய கை தாக்கு, விரித்த கை மறி, குவித்த கை திரட்டு. இரு கைகளும் மேசைக்கடியிலிருந்து ஒரே நேரத்தில் மேலே வரவேண்டும்.

இருவரும் தாக்கினால் மட்டும் பகடை உருளும். இங்கே இருபது முகப் பகடை வேண்டா. ஆறு முகப் பகடை இரண்டு போதும். காரணம் சொல்கிறேன். வலியவருக்கு 2 கூட்டிக் கொடுத்து, இருவரும் இருபது முகப் பகடையை உருட்டினால் வலியவர் வெல்வது நூற்றுக்கு 57, எளியவர் 38, மிச்சம் சமன். அதே 2ஐக் கொடுத்து இரண்டு ஆறு முகப் பகடையை உருட்டினால் வலியவர் 66, எளியவர் 24, சமன் 10. மாதக்கணக்கில் பயின்ற மந்திரவாதியின் பயிற்சிக்கு முன்னது மதிப்பே தரவில்லை, பின்னது தருகிறது, தந்தும் எளியவரின் வாசலை அடைக்கவில்லை. மந்திரவாதியின் நிலை ஒன்று உயர்ந்தால் 1 கூட்டுக. 3க்கு மேல் கூட்டற்க. தோற்றவர் பக்கம் நாணயம் ஒரு கட்டம் நகரும்.

இங்கே ஒரு வியப்பு. இவ்வாறு ஒருவருக்கு 2 கூடுதல் என்று வைத்துக் கணக்கிட்டால், வலியவரும் எளியவரும் பாதிச் சுற்றுகளில் தாக்குவதே இன்னும் தக்கது. அதில் மாற்றம் இல்லை. வேறுபாடு மற்றப் பாதியில் தோன்றுகிறது. வலியவர் நூற்றுக்கு 30 திரட்டி 20 மறிக்க வேண்டும். எளியவர் 30 மறித்து 20 திரட்ட வேண்டும். வலியவன் பெருமந்திரத்துக்கு முயல்வதும் எளியவன் காப்பின்பின் பதுங்குவதும் கதையில் நாம் எதிர்பார்ப்பதுதானே! நாம் சொல்லிக் கொடுக்காமலே எண்கள் அதனைச் சொல்கின்றன.

செலவு இல்லாத மந்திரம் மந்திரமாகாது. ஜாக் வான்ஸ் 1950இல் எழுதிய ‘தி டையிங் எர்த்’ கதைகளில் மந்திரவாதி மனத்தில் பதித்த மந்திரம் சொன்னவுடன் மறந்துபோகும்; டஞ்சன்ஸ் ஆட்டத்தின் மந்திர வாய்ப்பு முறை அதிலிருந்து வந்ததே. அதனை நாமும் விடவேண்டா. போர் தொடங்குமுன் மந்திரவாதி தம் மந்திர வாய்ப்புகளுள் விரும்பியவற்றைத் துறந்து, ஒவ்வொரு வாய்ப்புக்கும் அதன் படி எண்ணளவு கொட்டைகளைப் பெறுவார்; ஆறுக்கு மேல் கூடாது. புளியங்கொட்டை உத்தமம். இவ்வூரில் அது கிடைப்பது அரிதாகையால் நாங்கள் ராஜ்மாப் பயற்றைக் கொள்கிறோம். நம் விடுதி மெஸ்ஸில் அதற்கு என்றுமே பஞ்சம் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இருவரும் ஒவ்வொரு கொட்டை வைக்க வேண்டும். இருவரும் மறித்தால் இன்னும் ஒன்று போகும். இருவரும் தாக்கும்போது விரும்பியவர் கூடுதல் கொட்டைகளைக் கைக்குள் மறைத்து வைத்து, பகடைத் தொகையோடு ஒன்றுக்கு 1 கூட்டிக்கொள்ளலாம். கொட்டை தீர்ந்தால் போர் முடிந்தது; நாணயம் யார் பக்கம் நிற்கிறதோ அவர் தோற்றவர்; நடுவில் நின்றால் இருவரும் பின்வாங்குவர். ஆகவே, எந்தப் போரும் ஆறு சுற்றைத் தாண்டாது. வென்றவரும் மறுநாள் குகைக்குள் வெறுங்கையோடு போகவேண்டி நேரலாம் என்ற கவலை ஒவ்வொரு கொட்டையிலும் இருக்கும்.

கையை வெளியிடுமுன் ஒவ்வொருவரும் தம் மந்திரவாதி செய்யும் செயலை ஒரு வாக்கியத்தில் வருணிக்க வேண்டும். பொய் சொல்லலாம். ‘என் விரல் நுனியில் தீ மலர்கிறது’ என்று முழங்கிவிட்டு உள்ளே மறித்திருக்கலாம். இவ்விதியை முதலில் ஆடியபோது ஒடிசா நண்பர் ஒடியாவிலும் யான் தமிழிலும் முழங்கினோம். மேசை நடுங்கியது உண்மை; ஆனால் எதிரிக்குப் புரியாத பொய்யால் எவரையும் ஏமாற்ற இயலாதன்றோ? ஆகவே, மேசையில் உள்ள யாவர்க்கும் புரியும் மொழியில் சொல்லுக என்று சேர்த்துக்கொண்டோம். எங்கள் பொய்கள் அன்றுமுதல் அரைகுறை இந்தியில் நிகழ்கின்றன.

நான் மிக முக்கியமாகக் கருதும் விதி இனி வருவது. பகைவனாக ஆடுபவர் யார்? வழக்கப்படி கதை நடத்துநர். இதில் ஒரு பெருங்குறை உண்டு. அவரே நடுவர், அவரே எதிரி. அவர் வென்றால், ‘உலகமே கையில் இருக்கையில் வெல்வதற்கென்ன?’ என்பர்; தோற்றால், ‘விட்டுக்கொடுத்தார்’ என்பர். ஆட்டக்காரர் கையை வெளியிடும் அந்த நொடியில் எதிரே இருப்பவர் உண்மையாகவே தம்மை வெல்ல முயல்கிறார் என்ற நம்பிக்கை வேண்டும். அது இல்லையேல் மேற்சொன்ன கணக்கெல்லாம் பாழ். எனவே, எங்கள் மேசையில் போரிடாத மற்ற ஆட்டக்காரர்களே பகைவனின் கையைத் தீர்மானிக்கின்றனர். தமக்குள் கிசுகிசுத்து, மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, ஒருவர் கை நீட்டுவார். கதை நடத்துநர் பகைவனின் வாயாக மட்டும் இருப்பார்.

நண்பனைக் காக்க வேண்டுமென்றே தோற்றுவிடுவார்களோ என்ற ஐயம் எழலாம். நடந்ததோ வேறு. எட்டு மாதம் உடன் இருந்து ஒருவருடைய பழக்கங்களை அறிந்தவர்கள் அவரை ஏமாற்றக் கிடைத்த வாய்ப்பை எளிதில் விடுவதில்லை. ‘இவர் தோற்ற சுற்றுக்கு அடுத்துக் கட்டாயம் மறிப்பார், திரட்டுங்கள்’ என்று காதோடு காதாகச் சொல்லும் மகிழ்ச்சியை முகத்திலேயே காணலாம். கொட்டாவி விட்டவர் எவரும் இல்லை.

கைவிதியைச் சோதிக்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. சமவலிமை உள்ள இருவரை 25 முறை பொரச் செய்து, ஒருவர் 15 முறை வென்றார் என்பதைக் கொண்டு விதி ஒருபக்கம் சாய்ந்தது என்று தீர்த்துவிடக் கூடாது. நாணயத்தை 25 முறை சுண்டினாலும் தலை விழும் எண்ணிக்கை பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை அளவு இப்படியும் அப்படியும் தவறுவது இயல்பு. 100 முறை ஆடினாலும் 5 அளவு பிறழும். நுண்ணிய சாய்வைக் காண வேண்டுமாயின் கணிப்பொறியில் பத்து வரி நிரல் எழுதி இலட்சம் முறை ஓட்டுக. ஆனால் எந்தச் சுற்றில் ஆட்டக்காரர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார் என்பதைக் கணிப்பொறி சொல்லாது. அதற்கு மேசையில் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

பந்தயம் பற்றி ஒரு சொல். 1987இல் ஜோனதன் ட்வீட், மார்க் ரைன்-ஹேகன் இருவரும் இயற்றிய ‘ஆர்ஸ் மேஜிக்கா’ என்னும் ஆட்டத்தில் மந்திரவாதிகளின் சங்கத்தார் தம் பூசல்களைத் தீர்த்துக்கொள்ளும் முறையான போர் ஒன்று உண்டு. அதற்குச் செர்டாமென் என்று பெயர். கொலை அதன் நோக்கம் அன்று; வழக்கைத் தீர்ப்பதே நோக்கம். இதனை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டோம். முதல் கொட்டை விழுமுன் இருவரும் தோற்றால் தாம் இழப்பது என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: உயிர், ஊர், ஒரு நூல், ஒரு மந்திரம், ஓர் உண்மை. எதிரி ஏற்கவில்லையெனில் போர் இல்லை. இவ்விதி வந்தபின் எங்கள் மேசையில் உயிரைப் பந்தயம் வைத்தவர் மிகச் சிலர். தமக்கை எங்கே ஒளிந்திருக்கிறாள் என்ற உண்மையைப் பந்தயம் வைத்து ஒருவர் ஆடிய இரவில்தான், கையை மேலே தூக்குமுன் ஒருவருடைய விரல்கள் நடுங்கியதை முதன்முதலாகக் கண்டேன்.

மூன்று மந்திரவாதிகள் ஒரே களத்தில் நின்றால் இந்த ஏழு கட்டம் உதவாது. முக்கோணமாக ஒரு பலகை வரைந்து பார்த்திருக்கிறோம். அதில் இருவர் கூடி மூன்றாமவரை முதலில் ஒழித்துவிடுகின்றனர். இன்னும் வழி பிறக்கவில்லை. வழி தோன்றும் அன்பர்கள் சனிக்கிழமை இரவு மெஸ் மூடியபின் விடுதியின் இரண்டாம் மாடி வாசக அறைக்கு வரலாம். பகடை எங்களிடம் உண்டு. ராஜ்மா கொண்டுவர வேண்டா.